நன்றாகத் தூங்கிவிட்டு வந்தவர்

எங்கள் சோதனை அறையில் ஒரு தொப்பி இருக்கிறது. நீலத் துணித் தொப்பி. நீச்சல் அடிக்கிறவர்கள் போடுவார்களே, அந்த மாதிரி மண்டையை இறுக்கிப் பிடிக்கும். அதில் அங்கங்கே பொத்தான் போல உலோக வில்லைகள், ஒவ்வொரு வில்லையிலிருந்தும் ஒரு ஒயர். எல்லா ஒயரும் ஒன்றுசேர்ந்து பின்னந்தலையில் சடையாகத் தொங்கும். வலது காது ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. நல்லெண்ணெய்க் கறை. அறையில் தண்ணீர் வசதி சரியில்லை என்பதால் சனிக்கிழமைதோறும் தொப்பியை வீட்டுக்கு எடுத்துவந்து கழுவுவேன். மூன்று வருடமாகக் குழந்தைகள் ஷாம்பூ, பாத்திரம் தேய்க்கிற சோப்பு, வெந்நீர் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன், அந்தக் கறை போவேனா என்கிறது. கோபம் வந்தால் எதையாவது தேய்த்துக் கழுவுகிற சுபாவம் எனக்கு. போன சனிக்கிழமை சாயங்காலமும் திருக்கழுக்குன்றத்தில் சாலையோரம் இருக்கிற எங்கள் வீட்டு வாசல் குழாயடியில் பக்கெட்டும் தொப்பியுமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கறையை வைத்த மனிதர் அன்று காலையில்தான் என் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் மொய்க்கிற ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அறை. கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் பஸ், வேன் ஓட்டுநர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை விழிப்புச் சோதனை செய்கிறோம். தலையில் தொப்பி, நெஞ்சில் மூன்று ஒட்டுவில்லைகள். தொப்பி மூளையின் மின் அலையைப் பிடிக்கும், நெஞ்சில் ஒட்டியது இதயத் துடிப்பைப் பிடிக்கும். ஆள் உஷாராக இருந்தால் மூளை அலை சின்னச் சின்னதாக, வேகமாக ஓடும், நெஞ்சும் வேகமாக அடிக்கும். சொக்கிப் போனால் இரண்டும் மெதுவாகும். பத்து நிமிடம் திரையில் ஒரு சாலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கணினி கூட்டிக் கழித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் காட்டும். சிவப்பு வந்தால் அடுத்த சோதனை வரைக்கும், அதாவது ஒரு வருடத்துக்கு, ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒன்று சொன்னார்: இந்த மெஷினுக்குப் படபடப்புக்கும் விழிப்புக்கும் வித்தியாசம் தெரியாது, உடம்பு கொதிக்கிறதா, அடங்கியிருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். நானும் பெரிதாகத் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிய நோட்டு எங்கே என்று கேட்காதீர்கள்.

கறை வைத்தவரை நான் டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் பஸ் ஓட்ட வந்தவர். டிப்ளமோ முடித்த கையோடு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் நான் வேலை பார்த்தேன். அந்த இரண்டு வருடமும் அவர் பஸ்தான். விடிவதற்கு முன்னால் சதுரங்கப்பட்டினத்தில் எடுப்பார், திருக்கழுக்குன்றத்தில் நான் ஏறுவேன், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பஸ்ஸில் எல்லோரும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருப்போம். அவர் ஹாரனே அடிக்க மாட்டார். ஆடு குறுக்கே வந்தால்கூட மெதுவாக்கி, அது போகிற வரைக்கும் நிற்பார். வேகத்தடையில் பஸ் ஏறி இறங்குவது எங்களுக்குத் தெரியாது. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் ஒருநாள் திரும்பி வரும்போது என் ஸ்டாப் வந்தது தெரியாமல் தூங்கிப் போனேன். பஸ்ஸை நிறுத்திவிட்டு, முன் சீட்டு அக்காவை அனுப்பி, தோளைத் தொட்டு எழுப்பச் சொன்னார். நான் அவசரமாக இறங்கும்போது, "பாத்து, மெதுவா எறங்கு. அப்பாவுக்கு இப்ப இன்னா, பரவால்லியா?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றி நான் அவரிடம் வாயே திறந்ததில்லை. எப்படித் தெரியும் என்றதற்கு, மேலே இருந்த கண்ணாடியைக் காட்டினார். "இதுல பாத்தா எனுக்குத் தெரியும்மா, யாரு தூங்கறாங்கோ, யாரு அழுவுறாங்கோன்னு. பின்னாடி நாப்பது பேரு தூங்கறாங்கோன்னா, நான் ஒருத்தன் முழிச்சிகினு கீறேன்னு நம்பித்தான?"

வழுக்கைத் தலை அவருக்கு. காதோரம் மட்டும் அரை வட்டமாகக் கொஞ்சம் முடி. பஸ்ஸில் வருகிற பையன்கள் ஒருமுறை, அண்ணாத்த பஸ்ஸில் உள்லைட்டே தேவையில்லை என்று கிண்டல் செய்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். ஆனால் அடுத்த ஒரு வாரம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினார். நான் அதைப் பார்த்தேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்தத் துண்டுதான் காரணம்.

நான் தொழிற்சாலையை விட்டுப் பொத்தேரிக்கு வந்த பிறகு, அவர் பஸ் ஒப்பந்தக்காரரும் ஓட்டுநர்களை எங்களிடம் அனுப்ப ஆரம்பித்தார். முதல் சோதனைக்கு முந்தின நாள் டிரைவர் அண்ணன் எனக்குப் போன் செய்தார். தெரிந்த பிள்ளை அங்கே இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி நன்றாகத் தூங்குங்கள், காலையில் காபி டீ வேண்டாம், பயப்படாமல் வாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிற பாட்டைச் சொன்னேன். அடுத்த வரி, தலையில் எண்ணெய் வைக்காதீர்கள். வாய் வரைக்கும் வந்தது. அந்தத் துண்டு கண்முன் வந்து நின்றது. வழுக்கைத் தலைக்காரரிடம் போய் எண்ணெய் வைக்காதீர்கள் என்றால் கிண்டல் மாதிரி இருக்காதா? முழுங்கிவிட்டேன். மற்றபடி, வழுக்கை என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். முடியை விலக்கி விலக்கி வில்லைகளுக்கு அடியில் பசை வைக்கிற வேலை மிச்சம்.

மறுநாள் சனிக்கிழமை. உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும், எனக்குத்தான் புரியவில்லை. மனிதர் மாடிப்படி ஏறி வரும்போதே சீயக்காயும் நல்லெண்ணெயும் முன்னால் வந்தன. முகம் பளபளக்க, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். "சனிக்கெயமயாச்சே, உங்க அண்ணி மொளகு போட்டு எண்ணய காச்சி, உச்சியில நல்லா அரக்கித் தேச்சி வுட்டா. ஒடம்பு சூடு எல்லாம் எறங்கிப்போச்சி. இப்ப உன் மெஷினு இன்னா வேணா பாக்கட்டும்." எண்ணெய்க் குளியலுக்கு எதற்கு முடி? சூடு இருப்பது மண்டையில்தானே. சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எனக்குத் தெரியாத சங்கதியா, எங்கள் வீட்டிலேயே அப்பா கடைசி வரைக்கும் தேய்த்தவர். என் புத்தியை எதால் அடிப்பது?

ஸ்பிரிட் போட்டு மூன்று முறை துடைத்தேன். நெஞ்சில் ஒட்டிய வில்லை வழுக்கிக்கொண்டு போய் வயிற்றில் விழுந்தது. தொப்பியின் வில்லைகள் மண்டையில் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாவிட்டால் அலை ஆடி அசைந்து, மெதுவாக மிதக்கிற மாதிரி வரும். மெஷின் அதையும் சொக்குகிற மூளை என்றுதான் எடுத்துக்கொள்ளும். இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பியிருக்க வேண்டும். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள், எங்கள் மேலாளர், சார் என்று கூப்பிடுவோம், இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். விடுமுறை நாளில் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து கரைவலை இழுக்கிறவர் அவர். அந்த உடம்புக்கு இதயம் நிதானமாகத்தான் அடிக்கும். அதிலும் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு, ராத்திரி நன்றாகத் தூங்கிய பிறகு, தெரிந்த பிள்ளையின் முன்னால் பயமே இல்லாமல் உட்கார்ந்த பிறகு. நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. பத்து நிமிடமும் அவர் கண்ணை மூடவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையில் ஓடிய சாலையில் ஒரு லாரி வந்தபோது அவர் வலது கால் பிரேக்கைத் தேடி அசைந்ததுகூட எனக்குத் தெரிந்தது. முடிவில் சிவப்பு வந்தது.

முடிவு எங்கள் வழியாக ஒப்பந்தக்காரருக்குத்தான் போகும், ஓட்டுநரிடம் சொல்லக்கூடாது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நான் குறிப்புப் பகுதியில், எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்திருந்தார், வில்லைகள் சரியாக ஒட்டவில்லை, திரும்பச் சோதிக்க வேண்டும் என்று எழுதினேன். சார் அதை அடித்துவிட்டார். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட அவன் ஊதுகிற கன்னத்தையாவது பார்ப்பான். இவர் திரையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "ஒருத்தருக்கு மெஷின் தப்புன்னு எழுதினா எல்லாருக்கும் எழுதணும்மா. அப்புறம் எதுக்கு மெஷின்? அதோட, எண்ணெ வெச்சிருந்தான்னு தெரிஞ்சும் நீ ஏன் ஒட்டின?" கடைசிக் கேள்வி நியாயமானது. நியாயமாக இருந்ததாலேயே எனக்கு அவர் மேல் இரட்டிப்பாகக் கோபம் வந்தது. ஒப்பந்தக்காரருக்கு நானே தனியாக ஒரு கடிதம் எழுதினேன். கிடைத்தது என்றுகூட யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலில் பஸ்கள் நிற்கிற யார்டின் வாசலில் அவரைப் போட்டுவிட்டார்கள். கேட்டைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், வண்டி நம்பரை எழுத வேண்டும். பதினெட்டு வருடம் ஓட்டியவர். இரண்டு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். திட்டுவார், திட்டு வாங்கிக்கொண்டால் மனசு ஆறும் என்றுதான் போனேன். திட்டவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும், "நான் கண்ண மூடனனாமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் எப்படிம்மா தூங்கனேன்?" அலை, துடிப்பு, எண்ணெய் என்று ஏதேதோ விளக்கினேன். அவர் பாதியிலேயே கேட்டைத் திறக்கப் போய்விட்டார். அவருடைய பழைய பஸ்தான் உள்ளே வந்தது, வேறு ஒருத்தர் ஓட்டிக்கொண்டு. யார்டுக்குள் ஆளே இல்லாத இடத்தில் அவன் பெரிதாக ஹாரன் அடித்தான். டிரைவர் அண்ணன் நம்பரை எழுதிக்கொண்டார், சொந்த நம்பரை எழுதுவதற்கு எதற்குப் பார்க்க வேண்டும், இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதினார். கேட்டை மூடிவிட்டு டிரைவர் அண்ணன் திரும்பி வந்ததும் சொன்னேன்: "அடுத்த வருசம் நல்லாத் தூங்கிட்டு வராதீங்கண்ணா. ரெண்டு மூணு நாள் முழிச்சிருந்து, காபியா குடிச்சிட்டு, பயந்து நடுங்கிக்கிட்டு வாங்க. இந்த மெஷின் பச்சை காட்டும்."

ஆத்திரத்தில் சொன்னது. சார் மேல், மெஷின் மேல், என் மேல் இருந்த ஆத்திரம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் யார் யாரைக் கெடுத்தேன் என்பதுதான் இனி வருகிற கதை. டிரைவர் அண்ணன் அன்று சிரிக்கவில்லை. டாக்டர் சொன்ன பத்தியத்தைக் கேட்டுக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த வருடம் அவர் வந்தபோது எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் கோவைப்பழம். நரைத்த தாடி முள்ளாக நின்றது. மண்டை சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி வறண்டு, செதில் செதிலாக இருந்தது. ஒட்டுவில்லை அப்படியே பிடித்துக்கொண்டது. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் நிற்காமல் நடுங்கின. துடிப்பு நூற்றுப் பத்து. மூளை அலை எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி ஓடியது. அவர் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. சொக்கும்போதெல்லாம் எழுந்து போய்க் கடற்கரையில் நடந்தாராம், அண்ணி கூடவே நடந்தாராம். நான் கேட்டபோது இதைப் பெருமையாகத்தான் சொன்னார், நீ சொன்னது போலவே செய்தேன் என்கிற மாதிரி. பத்து நிமிடம் முடிந்தது. பச்சை.

சொல்லக்கூடாது என்ற விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். "அன்னிக்கு நல்லாத் தூங்கி எந்திரிச்சி வந்தேன், தூங்கறன்னு சொன்னீங்கோ. இன்னிக்கு மூணு நாளா கண்ணு மூடல, முழிச்சிகினு கீறேன்னு சொல்றீங்கோ." கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு, "இப்ப தூங்கட்டாமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தலை சாய்ந்துவிட்டது. தொப்பி தலையிலேயே இருந்தது, பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நிமிடத்தில் அலைகள் அகலமாகின, துடிப்பு இறங்கி இறங்கி ஐம்பத்து நான்கில் நின்றது. அத்தனை அழகான பதிவை நான் அதற்கு முன் எடுத்ததில்லை. சார் கதவைத் தட்டினார். ஒயர் சரியில்லை, ஐந்து நிமிடம் என்று பொய் சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு கடைசிப் பகுதியை வெட்டி அழித்துவிட்டு, பச்சை அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் அவர் இன்னும் ஒரு வருடம் கேட்டில் நிற்க வேண்டும். போட்டால், மூன்று நாள் தூங்காத மனிதரை நம்பி நாற்பது பேர் தூங்குவார்கள். இரண்டு நாளாவது பஸ்ஸைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுப்பி அனுப்பினேன். அவரும் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அன்று சாயங்காலமே ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள், போய் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாததால்தான் அது வழக்கமானது. சிவப்பு வாங்கியவர் எப்படிப் பச்சை வாங்கினார் என்று யார்டில் எல்லோரும் கேட்டிருப்பார்கள், அவரும் நல்ல மனசோடு சொல்லியிருப்பார். இப்போது சோதனைக்கு வருகிற ஆட்களைப் பார்த்தால் உங்களுக்குப் பயமாக இருக்கும். வரிசையாகச் சிவந்த கண்கள், வறண்ட தலைகள், காபி வாடை. அந்த இரண்டு மூன்று நாளும் இவர்கள் லீவு போடுவதில்லை, பஸ் ஓட்டிக்கொண்டுதான் முழித்திருக்கிறார்கள். தூங்கிவிட்டு வாருங்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்கிறேன். கவிழ்க்கப் பார்க்கிறாள் இவள் என்கிற மாதிரி என்னைப் பார்க்கிறார்கள். தூங்குகிற டிரைவரைக் கண்டுபிடிக்க வைத்த சோதனை, டிரைவர்களின் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நடந்ததை நடந்தபடி சாரிடம் சொன்னேன், அந்தக் குரங்குக்கு வால் வைத்தவள் நான்தான் என்பது உட்பட. அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். இந்த வருடம் ஒரு சிவப்புகூட இல்லை, ஒப்பந்தக்காரருக்கு ரொம்பத் திருப்தி என்றார்.

போன சனிக்கிழமை காலையில் டிரைவர் அண்ணன் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இப்போதெல்லாம் நான் வழுக்கை, குடுமி என்று பார்ப்பதில்லை, எல்லோரிடமும் கேட்டுவிடுகிறேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா அண்ணா என்று அவரிடமும் கேட்டேன். "எண்ண தேச்சா தூக்கம் வந்துரும்மா. அத வுட்டு ரெண்டு வருசம் ஆச்சி." சோதனைக்காக மூன்று நாள் விடுவார் என்று நினைத்திருந்தேன், ஒரேயடியாக விட்டிருக்கிறார். இப்போது ராத்திரியிலும் தூக்கம் சரியாக வருவதில்லையாம், பழகிப்போச்சு என்றார். இந்த முறையாவது நிஜமாகத் தூங்கிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள், நான் தேதி மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் தொப்பியை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். பச்சைதான் வந்தது. சாயங்கால ஷிப்ட் வண்டி என்னுது என்று சொல்லிவிட்டு வேகமாகப் படி இறங்கினார்.

சாயங்காலம் குழாயடியில் தொப்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கறை அப்படியே இருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன், எண்ணெய் வாசனை எப்போதோ போய்விட்டிருந்தது. செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஷிப்ட் பஸ் வருகிற நேரம். பஸ் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே ஹாரன் கேட்டது. சாலையில் ஆடும் இல்லை, ஆளும் இல்லை. விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப, ஸ்டியரிங்கில் இருக்கிறவர் தன்னையே எழுப்பிக்கொள்கிற மாதிரி அடித்துக்கொண்டு வந்தது. பஸ் எங்கள் வீட்டைத் தாண்டும்போது எழுந்து நின்று பார்த்தேன். ஜன்னலெல்லாம் சாய்ந்த தலைகள், வாய் பிளந்து, நாங்கள் தூங்கியது போலவே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.